கொல்லிமலை ஏத்தத்துல வண்டி ரேஸ் ஆகுது ஆனா ஏற மாட்டேங்குது, கிளட்ச் பிளேட் போச்சா?

#1 நாமக்கல்_ரைடர்

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேணும். 150 சிசி வண்டி, 2017 மாடல், மீட்டர்ல 34,000 ஓடியிருக்கு. போன ஞாயித்துக்கிழமை அப்பாவ பின்னாடி உக்கார வச்சு கொல்லிமலைக்கு போனேன், அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு. மலை அடிவாரம் காரவள்ளி வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. மேல ஏற ஆரம்பிச்சு இருபது கொண்டை ஊசி தாண்டினதும் ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டர் முறுக்கினா சத்தம் மட்டும் ஏறுது, வண்டி அதே இருபதுல நிக்குது, இன்னும் முறுக்கினா இன்ஜின் சுத்து காட்டுற ஆர்பிஎம் முள்ளு மேல போகுதே தவிர வேகம் வரல. முப்பதாவது வளைவு கிட்ட கருகின வாசம், பழைய துணி எரிஞ்சா வருமே அந்த மாதிரி. ஓரமா நிறுத்தி அரை மணி நேரம் ஆற விட்டேன், திரும்ப நாலு வளைவு ஏறுச்சு, மறுபடி அதே கதை. மொத்தம் எழுபது வளைவு, பாதி கூட தாண்டல, திரும்பி இறங்கிட்டோம். அப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா ரெண்டு வருஷமா அந்த கோயிலுக்கு கூட்டிட்டு போடான்னு கேட்டுட்டு இருந்தவர், அதான் மனசு கேக்கல.

ஊருல ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன், அவர் வண்டிய ஒரு தெரு சுத்திட்டு வந்து பிஸ்டன் ரிங் போயிடுச்சு, இன்ஜின் சிலிண்டர போர் பண்ணணும், எட்டாயிரம் எடுத்து வைன்னுட்டார். இன்னொருத்தர் கிளட்ச் அசெம்பிளியே மாத்தணும்ங்கிறார். பிளேன் ரோட்டுல பெருசா ஒண்ணும் தெரியல, மைலேஜ் மட்டும் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. யார் சொல்றத நம்புறது?

#2 வேகம்_வேலூர்

34,000 ஆ ப்ரோ? கிளட்ச் பிளேட்டுக்கு 20,000 தான் ஆயுசு. யோசிக்காம மாத்திடுங்க.

#3 பட்டறைக்காரன்

தம்பி, ஈரோட்டுல 22 வருஷமா பட்டறை வச்சிருக்கனுங்க. முதல்ல போர் பண்ற வேலைய நிறுத்தி வைங்க, எட்டாயிரம் உங்க பாக்கெட்டுலயே இருக்கட்டும்.

நீங்க எழுதினதுலயே பதில் இருக்குதுங்க. முள்ளு ஏறுது, வேகம் ஏறல. அப்படின்னா இன்ஜின் நல்லா சுத்துது, அந்த சுத்து பின் வீலுக்கு போய் சேரல, நடுவுல எங்கயோ வழுக்குது. அந்த நடுவுல இருக்கறது கிளட்ச் தானுங்க. ரிங் போன வண்டி இப்படி நடந்துக்காது, அதுல முறுக்கினா முள்ளே ஏறாது, இன்ஜினே மூச்சு வாங்கும், சைலன்ஸர்ல நீலப் புகை வரும், ஆயில் கொறைஞ்சுட்டே இருக்கும். இது ரெண்டையும் பிரிச்சு பாக்க தெரியாம எத்தனை இன்ஜின தொறந்திருக்காங்கன்னு பாத்தவனுங்க நான், வயித்தெரிச்சலா இருக்கும். பிரேக் புடிச்சுட்டே இருந்தாலும் வண்டி இழுக்காது, அதனால சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் வீல கையால சுத்திப் பாத்துடுங்க, அது ஒரு நிமிஷ வேலை.

#2 தம்பி சொன்ன கிலோமீட்டர் கணக்கு எனக்கு ஒப்பாதுங்க. 12,000ல பொசுங்கின பிளேட்டும் இந்த கையால எடுத்திருக்கேன், 60,000 ஓடியும் அளவு கொறையாத பிளேட்டையும் பாத்திருக்கேன். ஒருத்தர் பவானி ரோட்டுல நேரா தோட்டத்துக்கு போயிட்டு வருவார், இன்னொருத்தர் நாள் பூரா டவுனுக்குள்ள கிளட்ச்ச பாதி புடிச்சுட்டே (ஆஃப் கிளட்ச்) ஊந்துவார், ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு எப்படிங்க வரும்?

இப்ப மூணு விஷயம் சொல்லுங்க தம்பி. லீவர்ல ஃப்ரீ பிளே எவ்ளோ இருக்கு, கடைசியா என்ன ஆயில் ஊத்தினீங்க, டாப் கியர்ல நாப்பது நாப்பத்தஞ்சுல போகும்போது சடார்னு முழுசா முறுக்கினா முள்ளு என்ன பண்ணுது. இது தெரியாம ஸ்பேனர கையில எடுக்க வேண்டாம்.

#4 ஓஎம்ஆர்_டெலிவரி

அண்ணா ஃப்ரீ பிளேன்னா லீவர் ஆடுற ஆட்டம் தானே? நான் எப்பவும் அது இல்லாம டைட்டா வச்சுப்பேன், லேசா தொட்டாலே கிளட்ச் புடிக்கணும், இல்லாட்டி சோழிங்கநல்லூர் சிக்னல்ல கை வலிக்கும். அது தப்பா? நான் சாப்பாடு டெலிவரி பண்றவன், ஒரு நாளைக்கு 120 கிமீ, 18,000க்கு ஒரு தடவ பிளேட் மாத்துறேன், ரெண்டு தடவ மாத்தியாச்சு.

#5 பட்டறைக்காரன்

தப்புங்க தம்பி. உங்க பிளேட் சீக்கிரம் போறதுக்கு பாதி காரணம் அங்கதான் இருக்கும்.

கிளட்ச்சுல ஸ்பிரிங் தான் பிளேட்டுங்கள ஒண்ணோட ஒண்ணு அழுத்தி புடிச்சு வச்சிருக்கு. நீங்க லீவர புடிச்சா அந்த அழுத்தம் விலகும். வயர்ல ஆட்டமே இல்லாம இழுத்து கட்டி வச்சா, நீங்க லீவர விட்டுட்டேன்னு நெனைக்கும்போதும் வயரு கொஞ்சம் இழுத்துட்டே தான் இருக்கும், அதாவது நாள் பூரா லேசா கிளட்ச் புடிச்சுட்டே ஓட்டுற மாதிரி. லீவர் முனையில பொதுவா 10லேருந்து 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும், சில வண்டிக்கு லீவர் அடில இருக்கற இடைவெளிய அளக்க சொல்லுவாங்க, அங்க 2லேருந்து 3 மில்லி. உங்க வண்டியோட புக்குல போட்டிருக்கும், அத பாருங்க. கை வலிக்குதுன்னா வயர மாத்துங்க, இல்லாட்டி கழட்டி ஆயில் விடுங்க, உள்ள துரு ஏறின வயருதான் கையக் கொல்லும்.

இன்னொன்னு, இது நெறைய பேருக்கு தெரியாதுங்க. வயரு நீண்டா லீவர் லூஸ் ஆகும். ஆனா பிளேட் தேஞ்சா லீவர் டைட் ஆகும், ஆட்டம் கொறையும். ஏன்னா பிளேட் அடுக்கோட மொத்த கனம் கொறையும்போது பிரஷர் பிளேட் அந்த அளவுக்கு நகருது, உள்ள தள்ளுற கம்பி, வயரு இழுக்கற ஆர்ம் பக்கமா வந்துடுது. அதனால நீங்க ஒண்ணுமே பண்ணாம லீவர்ல ஆட்டம் தானா கொறைஞ்சுட்டே வந்தா அது பிளேட் உங்களுக்கு அனுப்புற தகவல்னு எடுத்துக்குங்க.

#6 நாமக்கல்_ரைடர்

அண்ணா சொன்னபடி எல்லாம் பாத்துட்டேன்.

பின் வீல் ஃப்ரீயா சுத்துது. லீவர்ல ஆட்டமே இல்ல, சுத்தமா இல்ல. நான் அத தொட்டதே கிடையாது, அப்ப பிளேட் தான் தேஞ்சிருக்குன்னு அர்த்தமா? இன்ஜின் பக்கத்துல இருக்கற அட்ஜஸ்டர்ல லூஸ் பண்ணி 15 மில்லி வர்ற மாதிரி வச்சேன். அப்புறம் நாமக்கல் பைபாஸ்ல காலைல ஆறு மணிக்கு வண்டி இல்லாத நேரமா பாத்து அஞ்சாவது கியர், 45 வேகம், முழுசா முறுக்கினேன். நாலாயிரத்துக்கு கீழ இருந்த முள்ளு விர்ருன்னு அய்யாயிரத்து ஐநூறு போச்சு, வேகம் 47 தான், அப்புறம் மெதுவா முள்ளு இறங்கி வந்து வேகம் சேந்துக்குச்சு. ரெண்டு தடவ பாத்தேன், ரெண்டு தடவையும் அப்படித்தான்.

ஆயில் விஷயம் தான் இப்ப பயமா இருக்கு. போன சர்வீஸ் நானே பண்ணினேன், சித்தப்பா கார் சர்வீஸுக்கு வாங்கி ஒரு லிட்டர் மிச்சம் இருந்துச்சு, ஃபுல் சிந்தெட்டிக் 5டபிள்யூ-30, விலை கூடின ஆயிலாச்சே வண்டிக்கு நல்லதுன்னு நெனச்சு அதையே ஊத்திட்டேன். அது ஊத்தி 1,500 கிமீ ஆச்சு.

#7 வெர்னியர்

ஆயில் பத்தி நான் சொல்றேன், இது ரொம்ப முக்கியம்.

நம்ம பைக்குல பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூணும் ஒரே ஆயில்ல குளிக்குது. கார்ல கிளட்ச் தனியா காஞ்ச எடத்துல இருக்கும், அதனால கார் ஆயில் தயாரிக்கிறவங்க வழுக்கலுக்குன்னே சில சேர்மானம் போடலாம், மைலேஜ் கூடும். அதே சேர்மானம் பைக்ல பிளேட்டுக்கு நடுவுல போனா வழுக்கக்கூடாத எடத்துல வழுக்கும். இதுக்காகத்தான் ஜப்பான்காரங்க ஜாஸோ டி 903னு ஒரு தரம் கொண்டு வந்தாங்க. டப்பா பின்னாடி சின்ன கட்டம் போட்டு ஜாஸோ எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2, எம்பினு இருக்கும். எம்ஏ வகையெல்லாம் ஆயில்ல குளிக்கிற கிளட்ச்சுக்கு ஒத்து வரும், அதுல எம்ஏ2 பிடிமானம் அதிகம். எம்பி வழுக்கல் அதிகமானது, ஸ்கூட்டர் மாதிரி கிளட்ச் இன்ஜின் ஆயில்ல படாத வண்டிக்கு. கார் டப்பால ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) வட்ட முத்திரை இருக்கும், அதோட கீழ் பாதில ரிசோர்ஸ் கன்சர்விங்னு எழுதியிருந்தா அத பைக் பக்கமே கொண்டு போகாதீங்க.

எல்லா கார் ஆயிலும் உடனே கிளட்ச்ச வழுக்க வச்சிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா பாதி தேஞ்ச பிளேட்டு, ஆட்டமே இல்லாத வயரு, மேல அந்த ஆயிலு, பின்னாடி அப்பா, முன்னாடி கொல்லிமலை. நாலும் ஒண்ணா சேந்தா எந்த பிளேட் தாங்கும்?

#8 வைகை_கரை

நான் மதுரையில ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர், நாலு மாசமா தான் கியர் வண்டி ஓட்டுறேன், அதுக்கு முன்னாடி ஸ்கூட்டர் தான். தலைப்ப விட்டு விலகுறேன்னா மன்னிச்சுக்கங்க அண்ணே. கோரிப்பாளையம் சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நிக்க வேண்டியிருக்கு, நான் ஃபர்ஸ்ட் கியர்லயே கிளட்ச்ச முழுசா புடிச்சுட்டு நிப்பேன், நியூட்ரல் போட்டா பச்சை விழுறப்ப பதட்டமாயிடுது. பிளேட் தேயுமா? வீட்டுல தேயும்ங்கிறாங்க.

#9 பட்டறைக்காரன்

விலகலெல்லாம் இல்லைங்கம்மா, கிளட்ச் ஆயுச முடிவு பண்றதே இந்த மாதிரி பழக்கம் தானுங்க.

முழுசா புடிச்சிருந்தா பிளேட்டுங்க பிரிஞ்சு நிக்குது, அழுத்தம் இல்லை, அதனால தேய்மானம் பெருசா இல்லை. வயருக்கும் உள்ள இருக்கற பேரிங்குக்கும் தான் பாரம். அதனால ரெண்டு நிமிஷ சிக்னல்னா நியூட்ரல் போட்டுக்கறது நல்லது, அஞ்சு பத்து செகண்ட்னா பரவால்லைங்க. பிளேட்ட தின்னுறது பாதி புடிச்ச கிளட்ச். மேம்பாலம் ஏத்தத்துல டிராஃபிக் நின்னுடுச்சுன்னு வைங்க, பிரேக் போடாம ஆக்சிலேட்டர லேசா முறுக்கி கிளட்ச்ச பாதில விட்டு வண்டிய அந்தரத்துல நிக்க வைப்பாங்க பாருங்க, அதுல பத்து செகண்ட்ல ஏறுற சூடு ஒரு நாள் பூரா நிதானமா ஓட்டினாலும் ஏறாது. ஏத்தத்துல பின் பிரேக் புடிச்சு நில்லுங்க, நகரும்போது கிளட்ச்ச விட விட பிரேக்க எடுங்க.

அப்புறம் ஓட்டும்போது நாலு விரலும் சும்மாவே லீவர் மேல உக்காந்திருக்கும் சில பேருக்கு, கையோட பாரமே பாதி கிளட்ச்ச புடிச்சுடும். இறக்கத்துல கிளட்ச்ச புடிச்சுட்டு உருண்டு போறதும் வேண்டாங்க, அது பிளேட்டுக்காக சொல்லலை, உங்க உசுருக்காக சொல்றேன், இன்ஜின் பிடிமானம் இல்லாம பிரேக் மட்டும் சூடாகும்.

#10 பழைய_புல்லட்

அண்ணாச்சி, திருநெல்வேலியில இருந்து. எனக்கு தலைகீழ் பிரச்சனை. கிளட்ச் வழுக்கல்ல, ஆனா வண்டி சூடான பொறவு நியூட்ரல் விழவே மாட்டேங்கு, கிளட்ச்ச முழுசா புடிச்சிருந்தாலும் வண்டி முன்னால ஊந்துது, முதல் கியர் போட்டா டமார்னு சத்தம். இதுவும் பிளேட் தேய்மானமா?

#11 பட்டறைக்காரன்

இல்லைங்க, அது வழுக்கல் இல்ல, ஒட்டிக்கறது. புடிச்சாலும் பிளேட்டுங்க முழுசா பிரியலை. முதல்ல ஆட்டம் அதிகமா இருக்கான்னு பாருங்க, லீவர் முக்கால்வாசி சும்மா வந்தா உள்ள தள்ள தூரம் இருக்காது. அது சரியா இருந்தா ரெண்டு எடத்துல சந்தேகம். ஒண்ணு, பிடிமானப் பூச்சு இருக்கற ஃபிரிக்‌ஷன் பிளேட்டுங்களுக்கு நடுவுல நடுவுல வர்ற ஸ்டீல் பிளேட் சூட்டுல வளைஞ்சிருக்கலாம். இன்னொன்னு கிளட்ச் ஹவுசிங்ல பிளேட்டோட பல்லு உக்கார்ற காடி இருக்குதுங்களே, அங்க பல்லு குத்தி குத்தி பள்ளம் விழுந்திருக்கும், பிளேட் அந்த பள்ளத்துலயே மாட்டிக்கிட்டு நகர மறுக்கும். நகத்த வச்சு காடி ஓரத்துல மேலேருந்து கீழ இழுங்க, நகம் தட்டுச்சுன்னா பள்ளம் இருக்கு. லேசான பள்ளம்னா அரத்தால மெல்ல தட்டையாக்கலாம், எல்லா காடிலயும் ஒரே அளவா எடுக்கணும். ஆழமா இருந்தா ஹவுசிங் மாத்தறது தான் வழி.

பல மாசம் நிறுத்தி வச்ச வண்டிலயும் ஆயில் இறுகி பிளேட் ஒட்டிக்கும். கொரோனா லாக்டவுன் முடிஞ்சு பட்டறை தொறந்த வாரம் அப்படி எத்தனையோ வண்டி வந்துச்சுங்க. அதுக்கு தொறக்கவே வேண்டாம், இன்ஜின ஓட விட்டு சூடாக்கி அணைச்சுட்டு, மேல் கியர்ல போட்டு கிளட்ச்ச புடிச்சுட்டு வண்டிய முன்னும் பின்னும் தள்ளினா பட்டுனு விட்டுடும்.

#12 நாமக்கல்_ரைடர்

ஆயில் மாத்திட்டேன். புக்குல போட்டிருக்கற கிரேடே, ஜாஸோ எம்ஏ2 பாத்து வாங்கினேன். ஒரு 200 கிமீ ஓட்டி சூடா இருக்கும்போதே மறுபடி இறக்கி புது ஆயில் ஊத்தினேன், பழசு மிச்சம் போகட்டும்னு. வித்தியாசம் இருக்கு, இப்ப தனியா போனா பைபாஸ் டெஸ்ட்ல முள்ளு தாவல. ஆனா தம்பிய பின்னாடி உக்கார வச்சு திருச்செங்கோடு மலை ரோட்டுல ஏறினேன், அங்க திரும்ப லேசா வழுக்குது. இதோட விட்டுடலாமா, தொறந்து பாக்கணுமா?

#13 வெர்னியர்

தொறந்துடுங்க. ஒரு தடவ கருகின வாசம் வந்த பிளேட்டு மேல்பாகம் கண்ணாடி மாதிரி ஆயிடும், ஆயில் மாத்தினாலும் பழைய பிடிமானம் முழுசா வராது. அதோட அளந்து பாத்தா தான் முடிவு தெரியும், அளக்காம சொல்ற எதுவும் ஊகம் தான். கனத்துக்கு வெர்னியர் காலிப்பர், ஸ்டீல் பிளேட் வளைவ பாக்க ஃபீலர் கேஜ் (அளவு போட்ட மெல்லிசு தகடுங்க), அடில வைக்க ஒரு துண்டு கண்ணாடி, இது போதும். வண்டி மேனுவல்ல ஒவ்வொண்ணுக்கும் இதுக்கு மேல தேஞ்சா மாத்தணும்ங்கற கடைசி அளவு போட்டிருக்கும்.

#14 பட்டறைக்காரன்

நீங்களே தொறக்கறதா இருந்தா சிலது சொல்லிடறேன் தம்பி. இன்ஜின் சைடு கவர் போல்ட்டுங்க எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு அட்டைல கவர் வடிவத்த வரைஞ்சு, கழட்ட கழட்ட அந்தந்த எடத்துலயே குத்தி வைங்க. நீள போல்ட்ட குட்டை ஓட்டைல போட்டு முறுக்கி கேஸ உடைச்சவங்க உண்டு.

சில வண்டிக்கு ஸ்பிரிங் போல்ட்ட எடுத்தா பிளேட் கையோட வந்துடும். சில வண்டில சென்டர் நட்ட கழட்டினா தான் வரும், அதுக்கு ஹப்ப புடிக்கற டூல் இருக்கு, அதுதான் வேணும். உளி வச்சு சுத்தியால அடிச்சு கழட்டறத பாத்தா எனக்கு ஒடம்பு பதறும், நட்டும் போகும், ஷாஃப்ட் மரையும் போகும். டூல் இல்லைன்னா அந்த ஒரு வேலைக்கு மட்டும் பட்டறைக்கு போயிடுங்க. கவர் தொறந்திருக்கும்போதே ஆயில் ஸ்ட்ரெய்னர் வலையையும் கழுவிடுங்க, பிளேட்ல தேஞ்ச தூளெல்லாம் அங்கதான் போய் சேந்திருக்கும். கவர் பேக்கிங் (கேஸ்கட்) புதுசு போடுங்க, பழச ஒட்டி போடாதீங்க.

#15 நாமக்கல்_ரைடர்

தொறந்தாச்சு! சென்டர் நட்டு கழட்ட வேண்டியிருந்துச்சு, தெரிஞ்ச பட்டறைல டூல் வாங்கிட்டு வந்து வீட்டு வாசல்லயே உக்காந்து பண்ணினேன், அப்பா டார்ச் அடிச்சுட்டு பக்கத்துல உக்காந்திருந்தார். கவர இழுத்ததும் அதே கருகின வாசம் குப்புனு வந்துச்சு, புது ஆயில் ரெண்டு தடவ மாத்தியும் போகல. ஃபிரிக்‌ஷன் பிளேட் அஞ்சு, வரிசை மாறாம பேப்பர்ல அடுக்கி வச்சேன். வெளிப்பக்கத்து ரெண்டும் பழுப்பு நிறத்துல கொஞ்சம் சொரசொரப்பா இருந்துச்சு, நடுவுல இருந்த மூணும் கருப்பா பளபளன்னு, விரல வச்சா வழுக்குது, தகடு மேல ஆயில் போற சின்ன சின்ன வெட்டு இருக்குமே அது பாதி காணாமயே போச்சு. ஸ்டீல் பிளேட்ல ரெண்டுல நீலமா திட்டு திட்டா, தோசைக்கல்லு ஓரம் மாதிரி.

அளவு இதுதான். மேனுவல்ல புதுசு 3.0, கடைசி அளவு 2.6 மில்லி. என்னோடது 2.6, 2.55, 2.5, 2.55, 2.6. ஸ்டீல் பிளேட்ட கண்ணாடி மேல வச்சு 0.2 ஃபீலர் விட்டுப் பாத்தேன், நீலமான ரெண்டுலயும் ஈசியா உள்ள போகுது, மத்ததுல போகல. ஸ்பிரிங்கும் புக்குல போட்டத விட ஒரு மில்லி குட்டையா தெரியுது. காடில நகம் லேசா தட்டுது.

#16 வெர்னியர்

இப்ப பதில் கையில இருக்கு. கூட்டிப் பாருங்க, புதுசா இருக்கும்போது அஞ்சு பிளேட்டும் சேந்து 15 மில்லி, இப்ப 12.8. ஒவ்வொண்ணா பாத்தா அரை மில்லிக்கு மேல இல்லயேன்னு தோணும், மொத்தமா 2.2 மில்லி கொறஞ்சிருக்கு. ஸ்பிரிங் அந்த 2.2 மில்லி அளவுக்கு விரிஞ்சு தான் அழுத்த வேண்டியிருக்கு, விரிஞ்ச ஸ்பிரிங் பலமா அழுத்தாது, அதுவும் ஏற்கனவே குட்டையான ஸ்பிரிங். அதனாலதான் பிளேன் ரோட்டுல தாங்குது, மலைல தாங்கல. ஏத்தத்துல ரெண்டு பேரோட போகும்போது இன்ஜின் முழு இழுவையும் அந்த பிளேட் வழியா போகணும், அப்ப புடிக்க முடியாம வழுக்குது, வழுக்கினா சூடு, சூட்டுல மேல்பாகம் பளபளப்பு, பளபளத்தா இன்னும் வழுக்கல். ஒரு தடவ ஆரம்பிச்சா வேகமா முடிஞ்சுடும்.

ஃபிரிக்‌ஷன் பிளேட் அஞ்சும் மாத்துங்க, நீலமான ஸ்டீல் பிளேட் கட்டாயம் மாத்தணும், என்ன கேட்டா ஸ்டீல் மொத்தமும் மாத்திடுவேன். ஸ்பிரிங் நாலும் சேத்து மாத்துங்க. ஹவுசிங்ல நகம் லேசா தான் தட்டுதுன்னா அசெம்பிளி தேவையில்ல.

#17 வேகம்_வேலூர்

பளபளப்பான பிளேட்ட எமரி பேப்பர்ல தேச்சு போட்டா ஓடும்னு கேள்விப்பட்டேன், செலவு மிச்சம்தானே? அப்புறம் ஸ்பிரிங்குக்கு அடில வாஷர் வச்சா அழுத்தம் கூடுமாமே.

#18 பட்டறைக்காரன்

ரெண்டும் நானே பண்ணியிருக்கேன் தம்பி, ஆரம்ப காலத்துல, காசு இல்லாதவங்க வண்டிக்கு. அளவு நல்லா இருக்கற பிளேட்டு லேசா பளபளத்திருந்தா தேச்சு போட்டா கொஞ்ச நாள் ஓடும். அளவே கொறைஞ்சத தேச்சா இன்னும் தான் கொறையும். வாஷர் வச்சா லீவர் கல்லு மாதிரி ஆயிடும், வயரு சீக்கிரம் அறுந்து போகும், வாஷர் தடிமன் கூடினா ஸ்பிரிங் சுருண்டு முட்டிக்கிட்டு கிளட்ச் பிரியவே பிரியாது. அவசரத்துக்கு வீடு வந்து சேர பண்ணலாம், அதோட மறந்துடக் கூடாதுங்க.

#19 ஓஎம்ஆர்_டெலிவரி

பட்டறைக்காரன் அண்ணா, நீங்க சொன்னபடி ஆட்டம் வச்சுட்டேன், மொதல் ரெண்டு நாள் கஷ்டமா இருந்துச்சு இப்ப பழகிடுச்சு. வயரு புதுசு போட்டேன், கை வலியே இல்ல. பழைய வயரு லீவர் முனைல பாத்தேன், ஏழெட்டு இழை ஏற்கனவே அறுந்து விரிஞ்சு நிக்குது, ராத்திரி ஆர்டர் நடுவுல அறுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா பகீர்னு இருக்கு. ஒரு சந்தேகம், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல கம்பெனி செட்டு விலைல பாதிக்கு பிளேட் கிடைக்குது, எங்களுக்கு ஒரு நாள் வண்டி நின்னா அன்னிக்கு சம்பளம் இல்ல, அதனால கேக்குறேன், அது போடலாமா?

#20 பட்டறைக்காரன்

விலை கம்மியா இருக்கறதெல்லாம் மோசம்னு சொல்ல மாட்டேன், வண்டி கம்பெனிக்கே சப்ளை பண்றவங்க அவங்க சொந்த பேருல தனியா விக்கறதும் நல்லாத்தான் இருக்கும். நான் பயப்படறது பேரே இல்லாத பாக்கெட்டுக்குத்தான். அதுல மேல் பூச்சு தகட்டோட சரியா ஒட்டியிருக்காது, பேந்து வந்து வலைய அடைச்சா ஆயில் போக்கு நிக்கும், அப்ப போறது பிளேட் மட்டும் இல்லைங்க, இன்ஜினே. உங்க மாதிரி தினம் 120 கிமீ ஓடுறவங்களுக்கு ஒரு தடவ கூட கொடுத்து வாங்கறது தான் லாபம். மூணாவது தடவ மாத்தும்போது அந்த ரெண்டு பழைய செட்டையும் ஒரு தடவ அளந்து பாருங்க தம்பி, கடைசி அளவு வரைக்கும் தேஞ்சிருந்துச்சா இல்ல அதுக்கு முன்னாடியே மாத்திட்டாங்களான்னு தெரியும்.

#21 பழைய_புல்லட்

அண்ணாச்சி சொன்ன மாரியே ஸ்டீல் பிளேட் ஒண்ணு வளைஞ்சு கிடந்துச்சு, கண்ணாடியில வச்சதும் ஆடுது. மாத்தியாச்சு. இப்ப சூட்டுலயும் நியூட்ரல் ஒரே தட்டுல விழுது. கவர தொறந்து பாக்க ஒரு வருசமா பயந்துகிட்டே கெடந்தேன், ரொம்ப நன்றி.

#22 நாமக்கல்_ரைடர்

புது பிளேட் மாட்டியாச்சு. ஆயில்ல ராத்திரி பூரா ஊற வச்சுட்டு காலைல போட்டேன், காய்ஞ்ச பிளேட்ட அப்படியே போட்டா முதல் புடிலயே கருகும்னு பட்டறைல சொன்னாங்க. ஸ்டீல் பிளேட்ல ஒரு பக்க ஓரம் கூர்மையா இருக்கு, எல்லாத்தையும் ஒரே பக்கம் பாக்க வச்சு போட்டேன். ஸ்பிரிங் போல்ட்ட எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினேன், முறுக்கற அளவு காட்டுற டார்க் ரெஞ்ச் கடன் வாங்கி புக்குல போட்ட அளவுக்கு. ஃபிரிக்‌ஷன் பிளேட், ஸ்டீல் பிளேட், ஸ்பிரிங், பேக்கிங், ஆயில் எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது.

ஒரு கேள்வி மட்டும். முதல்ல சரியா வச்ச ஆட்டம் 300 கிமீ ஓடினதும் கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு, புதுசுலயே தேயுதா?

#23 பட்டறைக்காரன்

பயப்படாதீங்க, புது பிளேட் ஒண்ணோட ஒண்ணு உக்காரும்போது கொஞ்சம் அப்படித்தானுங்க ஆகும். அட்ஜஸ்டர்ல ஒரு சுத்து பாத்துக்குங்க, 500, 1,000ல மறுபடி பாருங்க, அப்புறம் நின்னுடும். அது வரைக்கும் சிக்னல்ல சீறிப் பாயற வேலை, ஏத்தத்துல ஆஃப் கிளட்ச் எல்லாம் வேண்டாம்.

#24 நாமக்கல்_ரைடர்

1,000 ஓடிட்டு நேத்து அப்பாவ கூட்டிட்டு கொல்லிமலை போனேன். காரவள்ளில ஒரு டீ குடிச்சுட்டு ஏழு மணிக்கு ஏற ஆரம்பிச்சோம். கிளட்ச்ச வளைவுல பாதி புடிக்காம, முன்னாடியே ஃபர்ஸ்ட்டோ செகண்டோ மாத்திட்டு முழுசா விட்டு ஏறினேன். முப்பதாவது வளைவுல வேணும்னே மூக்க உறிஞ்சிப் பாத்தேன், ஈர மண்ணு வாசமும் மிளகுக் கொடி வாசமும் தான். முறுக்கினா முள்ளும் வேகமும் ஒண்ணா ஏறுது. எழுபதாவது தாண்டி செம்மேடு போய் சேந்தப்ப மணி எட்டரை. கோயில்ல அப்பா ரொம்ப நேரம் நின்னு கும்பிட்டார், வெளிய வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த பழைய தகட தூக்கிப் போட்டுட்டியா?" இல்லப்பா, வீட்டுல இருக்குன்னேன். தம்பிக்கு வண்டி கத்துக் குடுக்கும்போது காட்டணும், எடுத்து வைன்னார்.

#25 வைகை_கரை

படிக்கவே சந்தோஷமா இருக்கு. நானும் நேத்து ஸ்கேல் வச்சு ஆட்டம் அளந்தேன் அண்ணே, 12 மில்லி இருக்கு.

#26 பட்டறைக்காரன்

சரியா இருக்குதுங்கம்மா. அந்த 12ஐ தேதியோட எழுதி வச்சுக்குங்க, ஆறு மாசம் கழிச்சு அளந்துட்டு இங்கயே வந்து சொல்லுங்க.